‘விருந்தினர் கொடுத்த வடை’ என்று முதியோர் இல்லம் கைகழுவ முடியுமா?

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 52 வயது, பெங்களூரில் வேலை. தம்பி மஸ்கட்டில் இருக்கிறார். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. 78 வயது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக விளங்கவில்லை, பேச்சும் குழறியது. வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆட்கள் நிலைக்காததால் கோவைக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தார். மாதம் 32,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம். இருபது மாதம் அங்கே இருந்தார் அம்மா.

இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஒருமுறை சாப்பிடும்போது புரையேறி, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் ‘விழுங்குவதில் சிரமம், மசித்த உணவு மட்டும், நிமிர்த்தி உட்கார வைத்து, ஆள் கூடவே இருந்து ஊட்டவும்’ என்று எழுதியிருந்தார். வாசகி அதைப் படமெடுத்து இல்லத்தின் மேலாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். ‘ஓகே மேடம், கிச்சன்ல சொல்லியாச்சு’ என்று பதில் வந்தது.

சம்பவத்தன்று ஒரு குடும்பம் தங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்காக இல்லத்தில் மாலைச் சிற்றுண்டி கொடுத்திருக்கிறது. கேசரி, மெதுவடை, சட்னி. எல்லார் தட்டிலும் வைத்த கையோடு அம்மா தட்டிலும் வடை விழுந்தது. 5.50க்கு ‘மூச்சுத் திணறல்’ என்று வாசகிக்கு போன். ஏழு மணிக்கு ‘மாரடைப்பு’ என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்த சித்தியிடம் அவசரப் பிரிவு டாக்டர், ‘தொண்டையிலிருந்து வடைத்துண்டு எடுத்தோம்’ என்று சொல்லியிருக்கிறார். இரவே அம்மா இறந்துவிட்டார். சான்றிதழில் ‘இதயமும் சுவாசமும் நின்றதால்’ என்று மட்டும் இருக்கிறது. போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை. மறுநாள் மின்மயானம்.

ஒரு வாரம் கழித்து இல்லத்தில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, அரைகுறைத் தமிழில் போனில் அழுதிருக்கிறாள். அன்று அந்தத் தளத்தில் பதினாலு பேருக்கு அவள் ஒருத்திதான். வடையை யார் வைத்தார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அம்மா சத்தமே இல்லாமல் இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாளாம்.

இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டது. ‘வடை எங்கள் சமையல் இல்லை, விருந்தினர் கொடுத்தது’ என்கிறது இல்லம். ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்குமாம். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் வழக்கு நிற்குமா, சேர்க்கும்போது ‘இல்லம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, போலீஸுக்குப் போனால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாளா என்று வாசகி கேட்கிறார். ‘அம்மா திரும்பியா வரப்போறா, விடு’ என்று தம்பி சொல்கிறார். கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘சித்தி ஆறுதலுக்குத்தான் சொன்னாள், அம்மா உன்னை நினைச்சிருப்பா, அதான் புரையேறியிருக்குன்னு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.’

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். என் மாமியார் இன்றைக்கும் உச்சந்தலையில் தட்டி, ‘யாரு நினைக்கிறா?’ என்பார். ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுவல்ல. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் தொண்டையில் ஒரே இடத்திலிருந்துதான் பிரிகின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த நேரக்கணக்கு தப்பிப்போகும். கதவு மூடுவதற்குள் உணவு வந்துவிடும். இரண்டு மாதம் முன்பு வந்த நிமோனியா அந்தக் கதவு சரியாக மூடவில்லை என்பதற்கான எச்சரிக்கை. டாக்டர் அதைப் புரிந்துகொண்டுதான் மூன்று கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். சித்தி அன்பில் சொன்னதை அன்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனாருக்கும் பக்கவாதம் வந்தது. விழுங்கப் பயிற்சி கொடுக்க வந்த ஸ்பீச் தெரபிஸ்ட் எங்களுக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். டீஸ்பூனில் பாதி. வாயில் வைத்த பிறகு குரல்வளை மேலேறி இறங்குகிறதா என்று பார். அப்புறம் ‘ஆ’ சொல்லச் சொல். குரல் ஈரமாக, கொழகொழவென்று வந்தால் நிறுத்து. கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று விரலால் வெளியே அழுத்திப் பார். தூக்கக் கலக்கத்தில் ஊட்டாதே. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதே. ஒரு கிண்ணம் மசித்த சாதத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். பதினாலு பேரில் மூன்று பேருக்கு இப்படி ஊட்ட வேண்டியிருந்தால்கூட ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம். ஒருத்தியால் முடியுமா?

நம் ஊரில் பலர் தண்ணீர்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் அது எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும். மெதுவடை மெதுவாக இருப்பதாலேயே ஏமாற்றும். எச்சிலில் கரையாது, பந்துபோல் உருண்டு அடைக்கும். காய்ந்த இட்லி, பிரெட், சுண்டல், அவித்த முட்டையின் மஞ்சள் எல்லாம் அந்த ரகம்தான். முழுக்க அடைத்துவிட்டால் இருமல்கூட வராது. மூச்சு இல்லாமல் நாலு முதல் ஆறு நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அதனால்தான் ‘கூடவே இருந்து’ என்று டாக்டர் எழுதினார். சத்தம் கேட்டு ஓடிவரலாம் என்றால், வருவதற்குச் சத்தமே இருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. அடைத்துக்கொண்டவர் இருமினால் இருமவே விடுங்கள். பேசவோ இருமவோ முடியவில்லை என்றால் முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஐந்து தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேலாக ஐந்து இழுப்பு. இந்த இழுப்பு 1974ல் அமெரிக்க டாக்டர் ஹைம்லிக் சொன்ன முறை. அடைத்தது வெளியே வரும் வரை தட்டும் இழுப்பும் மாறி மாறி. நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்த வேண்டும். 108க்கு இன்னொருவர் போன் செய்யட்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது

அம்மா எதனால் இறந்தார் என்பதிலேயே உங்கள் கடிதம் சுற்றிச் சுற்றி வருகிறது. சட்டம் அதையும் கேட்கும். ஆனால் அதைவிட அழுத்தமாக வேறொன்றைக் கேட்கும்: ஆபத்து இருக்கிறது என்று இல்லத்துக்கு முன்பே தெரியுமா, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? வயதான ஒருவருக்கு முதல் தடவையாகப் புரையேறி இறந்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு நம்பிக்கையாக எழுதமாட்டேன். எல்லா மரணமும் அலட்சியம் இல்லை. உங்கள் விஷயத்தில் தெரியும் என்பதற்கு அவர்கள் கைப்படவே பதில் இருக்கிறது. ‘கிச்சன்ல சொல்லியாச்சு.’ அந்த ஒரு வரியில் இல்லம் மூன்றை ஒப்புக்கொண்டுவிட்டது: தாள் வந்தது, படித்தோம், பொறுப்பேற்றோம்.

ஆகவே ‘விருந்தினர் கொடுத்தது’ என்ற பதில் எடுபடாது. கேட்டைத் திறந்துவிட்டது இல்லம். தட்டு இல்லத்துடையது. யாருக்கு எது ஆகாது என்பது இல்லத்துக்குத்தான் தெரியும், பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. ‘ஒரு வேளை உணவுக்கு இவ்வளவு’ என்று போர்டு வைத்து நன்கொடை வாங்கும் இல்லங்கள், அந்தப் பந்தியை மேற்பார்க்கவும் கடமைப்பட்டவை. அந்தக் குடும்பத்தை வழக்கில் இழுக்கவேண்டாம் என்பதே என் யோசனை. சாட்சியாகக்கூட, அவர்களாக முன்வந்தால் மட்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘அம்மா ஆசையாகக் கேட்டார், சுயநினைவோடு இருந்த ஒருவருக்கு எப்படி மறுப்பது?’ என்பார்கள். வெறும் சாக்கு என்று இதைத் தள்ள முடியாது. இருபது மாதம் இல்லச் சாப்பாடு சாப்பிட்ட 78 வயது அம்மாவுக்கு ஒரு வடை மேல் ஆசை வருவது இயல்பு, அவர் விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அப்படிக் கொடுப்பதாக இருந்தால் உங்களிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டு, பிய்த்து, சாம்பாரில் ஊறவைத்து மசித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருக்க வேண்டும். பதினாலு பேருக்கு ஒருத்தி இருந்த தளத்தில் அது நடந்திருக்க வாய்ப்பில்லை.

போஸ்ட்மார்ட்டம் இல்லை, சரி

சந்தேகத்துக்குரிய மரணம் என்று ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் கொடுத்திருந்தால் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடந்திருக்கும். நடக்கவில்லை. இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த இரவில் ‘அம்மாவை வெட்ட வேண்டாம்’ என்று நினைக்காத பிள்ளை யார்? இதனால் கிரிமினல் வழக்கு பலவீனமாகும், உண்மைதான். பணம் வாங்கிக்கொண்டு சரியாகச் சேவை செய்யவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் போடும் வழக்கு அப்படியில்லை. அங்கே ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

இதயமும் சுவாசமும் நிற்பது எல்லா மரணத்திலும் நடப்பதுதான். ஏன் நின்றது என்பதற்குச் சான்றிதழில் பதில் இல்லை. ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டில் இருக்கக்கூடும். தொண்டைக்குள் கருவி வைத்துப் பார்த்து, இடுக்கியால் உணவை எடுத்திருந்தால் அவசரப் பிரிவுக் குறிப்பில் ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள். அந்த வரி கிடைத்தால் போஸ்ட்மார்ட்டம் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மூன்று வருடம் பாதுகாக்கவும் வேண்டும். கூடவே ஆம்புலன்ஸ் பதிவையும் கேளுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தார்கள், வண்டி வந்தபோது எப்படி இருந்தார் என்பது அதில் இருக்கும். அம்மா எப்போது அடைத்துக்கொண்டார், இல்லம் எப்போது ஆம்புலன்ஸுக்கு அழைத்தது? இடையில் எத்தனை நிமிடம் என்பது தனியாகவே ஒரு அலட்சியக் கேள்வி.

நிபுணர் சாட்சி இல்லாமல் முடியாது என்று யாராவது பயமுறுத்தினால், எல்லா வழக்குக்கும் அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010ல் கிஷன் ராவ் என்ற மருத்துவ அலட்சிய வழக்கில் சொல்லிவிட்டது. மசித்த உணவு மட்டும் என்று எழுதியிருக்க, வடை கொடுத்தது தவறா என்பதற்கு நிபுணர் எதற்கு?

அந்தப் படிவம்

‘எந்த அசம்பாவிதத்துக்கும் இல்லம் பொறுப்பல்ல’ என்ற வரி அநேகமாக எல்லா இல்லத்துப் படிவத்திலும் இருக்கிறது. அதை எழுதுகிறவர்களுக்கே அது எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியும். வயதினாலும் நோயினாலும் தவிர்க்க முடியாமல் நடப்பதற்கு அது பொருந்தலாம். தன் அலட்சியத்துக்குத் தானே முன்கூட்டி மன்னிப்பு எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. அதே சட்டத்தில் ‘சேவைக் குறைபாடு’ என்றால் அலட்சியம் மட்டுமல்ல, தெரிந்தே தகவலை மறைப்பதும்தான். வடை அடைத்ததைச் சொல்லாமல் ‘மாரடைப்பு’ என்று உங்களிடம் சொன்னார்களே, அது தனிக் குற்றச்சாட்டாக மனுவில் வர வேண்டும்.

முன்பணம் உங்கள் பணம். அதைப் பணயமாக வைத்துக் கையெழுத்து கேட்பதே இன்னொரு குறைபாடு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முன்பணத்தை மட்டும் பெற்றுக்கொண்டேன், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தராவிட்டால் வழக்கோடு சேர்த்துக் கேளுங்கள்.

போலீஸா, நுகர்வோர் ஆணையமா?

நீங்கள் மிகவும் தயங்குவது இந்த இடத்தில்தான், உங்கள் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை. பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இயலாத ஒருவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதற்கு அதே சட்டத்தில் 357 என்று ஒரு பிரிவும் உண்டு. மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு. ஸ்டேஷனில் அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் கிரிமினல் சட்டத்தில் முதலாளி என்பதற்காக மட்டும் ஒருவர் வேலையாளின் அலட்சியத்துக்குச் சிறை போகமாட்டார். ‘அந்த நேரத்தில் அங்கே இருந்தது யார்?’ என்றுதான் விசாரணை தொடங்கும். பதில் அந்த ஒடிசாப் பெண். அலட்சியமும் சாதாரணமானதாக இருந்தால் போதாது, மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்பது 2005ன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அது டாக்டர்களைப் பற்றிய வழக்குதான், இருந்தாலும் இதுபோன்ற வழக்குகளிலும் அதை எடுத்துக்காட்டுவார்கள். ஆள் போடாத நிர்வாகம் தப்பித்து, போட்ட ஒரே ஆள் கூண்டில் நிற்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் இல்லை என்று கடிதமே சொல்கிறது.

நுகர்வோர் ஆணையத்தில் இது தலைகீழ். வேலையாளின் தவறுக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். 1998ல் ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கில் ஒரு நர்ஸ் போட்ட ஊசியால் குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டபோது, பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது என்றது உச்ச நீதிமன்றம். குழந்தை மட்டுமல்ல, பணம் கட்டிய பெற்றோரும் நுகர்வோரே என்றும் சொன்னது. உங்கள் விஷயத்தில் பணம் கட்டியது நீங்கள், வாரிசும் நீங்கள். யாரிடமும் கட்டணம் வாங்காத முழு இலவச இல்லமாக இருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். 32,000 ரூபாய் ரசீதுகள் இருக்கும்போது அந்தக் கேள்வியே இல்லை.

சம்பவத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். நாலு மாதம்தான் போயிருக்கிறது. நீங்கள் கோவைக்கு அலைய வேண்டியதில்லை, வசிக்கும் ஊரிலேயே, அதாவது பெங்களூர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கட்டிய பணத்தை வைத்து. இருபது மாதத்துக்கு 6,40,000 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். மனுக் கட்டணம் 200 ரூபாய். ஆமாம், இருநூறுதான். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, இந்த மாதிரி வழக்கில் வைத்துக்கொள்வது நல்லது. எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் போட்டாக வேண்டும். தீர்ப்புக்கு மூன்று மாதம் என்று சட்டத்தில் இருந்தாலும் வருடக் கணக்கில் ஆகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வருமானம் இல்லாத 78 வயதுக்காரரின் மரணத்துக்குக் கோடிகளில் இழப்பீடு வராது. பொறுப்பு யாருடையது என்று ஒரு தீர்ப்பும், ஓரளவு தொகையும் கிடைக்கலாம். அது போதுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

போலீஸ் வழியை நான் அடியோடு மூடச் சொல்லவில்லை. கேஸ் ஷீட் வந்த பிறகு அதில் நிர்வாகியின் தலையீடு தெரிந்தால், உதாரணமாக ஆம்புலன்ஸை அழைக்கவேண்டாம் என்று அவர் தடுத்ததாகத் தெரிந்தால், அப்போது யோசிப்போம்.

‘மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும் என்கிறார்களே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயம் பிள்ளைகளும் உறவினரும் பெற்றோருக்குத் தர வேண்டிய ஜீவனாம்சத்தைப் பற்றியது. தனியார் இல்லத்தின் அலட்சியத்துக்கு அது இழப்பீடு போடாது. ஆனால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் ஒரு புகார் கொடுங்கள். இல்லம் பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று பதிவாகியிருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். காகிதத்தில் ஐந்து ஊழியர் என்று இருந்து அன்று ஒருத்திதான் இருந்தாள் என்றால், அந்தக் காகிதமே உங்கள் சாட்சி. வேறு இல்லங்களில் இப்போது பெற்றோர் இருக்கும் வாசகர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணை வற்புறுத்தாதீர்கள். அவள் சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் மூன்றும் இல்லத்தின் கையில். அவளாகச் சொல்ல முன்வந்தால் பிரமாண வாக்குமூலம் வாங்கலாம். வராவிட்டாலும், அன்றைய டூட்டி ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை, தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்தைக் கேட்கலாம்.

தம்பி விருப்பமில்லாவிட்டாலும் நீங்கள் தனியாகத் தொடரலாம். மனுவில் அவரையும் ஒரு தரப்பாகக் காட்டிவிட்டால் போதும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். அவரோடு சண்டை போடாதீர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு ‘விடு’ என்பதுதான் சில சமயம் அழுவதற்கான வழி.

இந்த வாரம் செய்யவேண்டியது

வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் தேவை, அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் பதிவுத் தபாலில் ஆவணக் கோரிக்கை. இல்லத்துக்கு ஒரு நோட்டீஸ்: அம்மாவின் உணவு அட்டவணை, அன்றைய ரோஸ்டர், சம்பவப் பதிவேடு, சிசிடிவி பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று. நாலு மாதத்தில் கேமரா பதிவு பெரும்பாலும் மேலெழுதப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் அதையும் எழுத்தில் சொல்லட்டும். சித்தி டாக்டரிடம் கேட்டதை, மறப்பதற்குள், தேதி போட்டு அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இல்லத்தின் பெயரைப் போட்டு முகநூலில் எதுவும் எழுதவேண்டாம். அவதூறு நோட்டீஸ் ஒன்று வந்தால் வழக்கு பேசவேண்டிய நேரத்தில் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போம்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் அநேகமாக இல்லத்திலிருந்து யாராவது ‘நேரில் வந்து பேசுகிறோம் மேடம்’ என்பார்கள். வரட்டும், பேசுங்கள். சமரசத்துக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் வரும்போது அம்மாவின் உணவு அட்டவணையையும் அன்றைய ரோஸ்டரையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.